ஒரே ஒரு சொல்... தெரியுமா?

கவிதைக்குள் ஒரு சொல் என்னென்ன வேலை பார்க்கும் தெரியுமா? படியுங்கள், அசந்துபோவீர்கள்!

பாட்டே பெயர் வைத்தது!
குறுந்தொகையின் 40-ஆவது பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் யாருக்குமே தெரியாது! கலந்த காதலுக்கு அவர் உவமை சொன்னது, செம்மண்ணில் விழுந்த மழைநீரை. அந்தச் சொற்களே அவருக்குப் பெயராகிவிட்டன: செம்புலப்பெயனீரார்! பாட்டு மொத்தமே 5 அடி! ஆங்கில மொழிபெயர்ப்பாக லண்டன் சுரங்க ரயில் வரை போய்விட்டது! இவர் மட்டுமா? அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், விட்ட குதிரையார்... எல்லாமே பாட்டிலிருந்து பிறந்த பெயர்கள்!

99 பூக்கள்!
'பூப் பறித்தோம்' என்று கபிலர் ஒரே சொல்லில் முடித்திருக்கலாம், இல்லையா? குறிஞ்சிப்பாட்டில் அவர் அடுக்கியது 99 பூக்களின் பெயர்கள்! மொத்தப் பாட்டே 261 அடிதான்!

'முருகா' சொல்லக் கூடாது!
முருகனைப் பாட வேண்டும்; உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது! முடியுமா? 'முருகா' என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்திலேயே அவுட்! 'வேலா'? அதற்கும் தடை! 'கந்தா' மட்டும் தப்பித்தது! இப்படியே ஒரு முழு அந்தாதியைப் பாடி முடித்தார் துறைமங்கலம் சிவப்பிரகாசர். அதுதான் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி!

எங்கும் 'த', எதிலும் 'த'!
அருணகிரிநாதரின் கந்தரந்தாதியில் 54-ஆம் பாட்டு முழுக்க 'த' வரிசை எழுத்துகள்தான்! வாதில் தோற்றவர்களின் காதை அறுத்த வில்லிபுத்தூராரே பொருள் சொல்ல முடியாமல் திணறினாராம்! அவர் காது போனதா? இல்லை! 'இனி யார் காதையும் அறுக்காதீர்' என்று விட்டுவிட்டார் அருணகிரியார் என்கிறது கதை!

முதல் சொல் எது?
சீதையைத் தேடிப்போன அனுமன் திரும்பி வருகிறான். 'சீதையை...' என்று ஆரம்பித்தால், அடுத்த சொல் வருவதற்குள் ராமன் மனம் என்ன பாடுபடும்! அதனால் 'பார்த்துவிட்டேன்' என்ற சேதியையே முதல் சொல்லாக வைத்தார் கம்பர்!

இல்லாத சொல்!
1330 குறள். குறளுக்கு 7 சீர். ஆக 9310 சீர்! இத்தனையில் 'தமிழ்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது? ஓரிடத்தில்கூட இல்லை!

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமையா என்று நம்ப முடியவில்லையா? உங்களுக்குப் பிடித்த பாட்டில் ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அதே பொருளில் வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். பாட்டு நிற்கிறதா, சரிகிறதா? நீங்களே சொல்லுங்கள்!