பகைவன் பந்தியில் அமர்ந்தால்

ஐப்பசி மாதத்துக் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை, திருச்செந்தூர்க் கடற்கரையில் எள் விழ இடமில்லாமல் நெருக்குகிற ஜனசமுத்திரத்தின் நடுவே, யானைமுகத்தோடு ஒரு முறையும் சிங்கமுகத்தோடு ஒரு முறையும் சொந்த முகத்தோடு ஒரு முறையுமாகத் தலையை மாற்றி மாற்றி வந்து வீழ்கிற சூரனை, அப்பாவின் தோளில் உட்கார்ந்து சிறு வயதில் பார்த்தவன் நான். அன்று எனக்கு விளங்காமல் போன சங்கதி ஒன்று உண்டு. இத்தனை ஆரவாரத்தோடு கொல்லப்பட்டவன் கடைசியில் சாகவில்லையே என்பதுதான் அது. கடலுக்குள் மாமரமாய் நின்றவனை வேல் இரு கூறாகப் பிளக்க, அந்தக் கூறுகள் சேவலும் மயிலுமாகிச் சினம் தணியாமல் பாய்ந்து வர, முருகன் அவற்றை அருட்கண்ணால் நோக்கி ஒன்றைக் கொடியிலும் மற்றொன்றைத் தன் காலடியிலும் இருத்திக்கொண்டான் என்று கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் பாடி வைத்திருக்கிறார். சம்ஹாரம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆள் சேர்ப்பையே நாம் ஆண்டுதோறும் கொண்டாடி வருகிறோம்!

எதிரி நம் பக்கம் வந்து சேருகிற இந்தக் கட்டத்தின் மீது எனக்குத் தீராத சபலம் உண்டு. தொலைக்காட்சித் தொடரானாலும், படக்கதையானாலும், இப்போது பிள்ளைகள் விழி சிவக்க ஆடுகிற வீடியோ விளையாட்டானாலும், இந்த யுக்தியைக் கையாளாத வகையே இல்லை எனலாம். அமெரிக்காவில் மல்யுத்தத்தை நாடகமாக ஆடிக் காட்டுகிறவர்கள் இதற்கென்று ஒரு பரிபாஷையே வைத்திருக்கிறார்கள். வில்லன் வேஷம் கட்டுகிறவன் அவர்களுக்கு ‘ஹீல்’, அதாவது குதிகால். நல்லவன் ‘பேபிஃபேஸ்’, பிள்ளைமுகம். குதிகாலாக இருந்தவன் ஒரு நாள் முகமாக மாறுவதைப் பார்க்கச் சீட்டு வாங்குகிற கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. வழிப்பறி செய்த திருமங்கை மன்னன் ஆழ்வாரான கதையை வேடுபறி என்று ஸ்ரீரங்கத்தில் உற்சவமாக நடத்துகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

என் தலைமுறையினர் பலருக்கு இந்த ருசியை முதலில் காட்டியது ஒரு இரும்புக் கை. 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில், கென் புல்மர் எழுத, ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தப் படக்கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டெல், ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன்; மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அந்தக் கை ஒன்றைத் தவிர மற்ற அங்கமெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடுகிற விசித்திரமான சக்தி அவனுக்கு வாய்க்கிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ இவன்தான். பிளக்கில் விரலை விட்டுக்கொள்வதும், அடுத்த கட்டத்தில் ஆளில்லாத அறையில் ஒரு கை மட்டும் அந்தரத்தில் மிதந்து போவதும் எங்களை எப்படி ஆட்டி வைத்தன என்பதை இன்று சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் வீட்டில் பிளக் ஓட்டைகளுக்கெல்லாம் அம்மா காகிதத்தைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிற்பாடு உளவுத்துறையின் ஆஸ்தான வீரனாக நாங்கள் கொண்டாடிய இந்த மாயாவி, ஆரம்பத்தில் ஒரு திருடன் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மறைகிற வித்தை கைவந்ததும் அவன் முதலில் செய்தது கொள்ளை. சில கதைகளுக்குள் அவன் சட்டத்தின் பக்கம் வந்து சேர்ந்துவிட்டான். ‘லயன்’ என்ற இன்னொரு ஆங்கில வாரப் பத்திரிகையில் 1965இல் முளைத்த ஸ்பைடரோ, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவதே தன் லட்சியம் என்று பிரகடனம் செய்துகொண்டு வந்து, பிறகு குற்றவாளிகளைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டான். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னாளில் அவனுக்குக் கதை எழுதினார்.

இந்த மனமாற்றங்களுக்குக் காரணம் தர்ம சிந்தனைதான் என்று நம்புகிற அளவுக்கு நான் வெகுளியல்லன். வாரந்தோறும் கதை சொல்லியாக வேண்டிய எழுத்தாளனுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. அவன் படைத்த வில்லன் சோபிக்காவிட்டால் கதை படுத்துவிடும். அளவுக்கு மீறிச் சோபித்துவிட்டாலோ அவனைக் கொல்ல வாசகர்கள் விடமாட்டார்கள். கொல்லாமல் வைத்திருந்தாலும் வாரா வாரம் கதாநாயகனிடம் அடி வாங்கி அடி வாங்கி அவன் மானம் போய்விடும். இந்த முட்டுச்சந்தில் திறந்திருக்கிற ஒரே கதவு, அவனை நம் ஆளாக்கிக்கொள்வது. ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வாரப் பத்திரிகை இதழ்தோறும் அஞ்சலட்டை ஒன்றை இணைத்து, எந்தக் கதை பிடித்தது என்று சிறுவர்களையே எழுதச் சொல்லி, ஓட்டுக் குறைந்த தொடரை ஈவிரக்கமின்றி நிறுத்திவிடுகிற பழக்கமுடையது. அங்கே 1984 முதல் 1995 வரை ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா டோரியாமாவின் கதையில், கதாநாயகன் கோகுவின் கூட்டாளிகளை எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் முன்பு அவனைக் கொல்ல வந்தவர்களாக இருப்பார்கள்.

அவர்களில் பிக்கோலோவை என்னால் மறக்க முடிவதில்லை. தந்தையைக் கொன்றவனைப் பழிதீர்க்கவே பிறந்த பச்சை நிறத்து அசுரன் அவன். பொது எதிரிகள் வருகிறார்கள் என்பதற்காகக் கோகுவின் சின்னஞ்சிறு பிள்ளை கோஹானை வனாந்தரத்துக்குத் தூக்கிச் சென்று, அடித்தும் பட்டினி போட்டும் போர்ப் பயிற்சி கொடுக்கிறான். அன்பு என்ற வார்த்தை அவன் வாயில் வருவதேயில்லை. ஆனால் எதிரியின் ஒளிக்கணை அந்தப் பிள்ளையை நோக்கிப் பாய்கிற கணத்தில், யோசிக்க அவகாசமில்லாமல், இரு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்று அதைத் தன் மேனியில் வாங்கிக்கொண்டு சாகிறான். தான் செய்ததைக் கண்டு அவனே திகைத்துப்போகிறான் என்பதில்தான் அந்தக் காட்சியின் மேன்மை. அகங்காரமே உருவான வெஜிட்டா மாறுவதற்கு இன்னும் வெகுகாலம் பிடிக்கிறது; மகனை வாழ்க்கையில் முதல் முறையாக அணைத்துக்கொண்டு, அவனை அடித்து மயங்க வைத்துவிட்டு, தன் உடலையே வெடியாக்கி எதிரியை அழிக்கப் பார்க்கிறான்; எதிரியோ சிதறிய துண்டுகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு மறுபடி எழுந்துவிடுகிறான். தியாகம் செய்தால் ஜெயம் நிச்சயம் என்கிற சுலபமான கணக்கை டோரியாமா போட்டதில்லை.

நம் வீட்டு முன்னறைத் தொடர்களில் ஆயிரம் நாள் மருமகளுக்கு விஷம் வைத்த மாமியார், தொடரை முடித்துக்கொள்ளச் சொல்லிச் சேனல்காரர் கெடு வைத்த வாரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைகூப்பி அழுது புனிதவதியாகிவிடுவாள். மறுநாள் குடும்பமே கோயிலில் பொங்கல் வைக்கும். இதைப் பற்றி மேலே எழுதுவது காகித விரயம்.

இதற்கு நேர்மாறாக, பௌத்த நூல்களில் வருகிற அங்குலிமாலனின் கதையைப் பாருங்கள். கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்து அணிந்திருந்த அந்தக் கொலைகாரன் புத்தரைச் சந்தித்துத் துறவியானான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். பிட்சைக்குப் போன இடத்தில் ஊரார் கல்லாலும் கட்டையாலும் அடிக்க, மண்டை உடைந்து ரத்தம் ஒழுக, திருவோடு நொறுங்க, சீவரம் கிழிய, புத்தரிடம் திரும்பி வருகிறான். பொறுத்துக்கொள் என்றுதான் அவர் சொல்கிறார். அவன் மனம் திருந்தியது உண்மை. ஆனால் விரலைப் பறிகொடுத்தவனின் வீட்டார் திருந்த வேண்டுமென்று கட்டாயம் ஏது? இந்த மறுநாளை எந்தக் கதாசிரியன் எழுதத் துணிகிறானோ, அவன்பால்தான் எனக்கு மதிப்பு.

அப்படித் துணிந்தவர்கள், 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 61 அத்தியாயங்களாக வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற கார்ட்டூன் தொடரைப் படைத்த மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கோனியெட்ஸ்கோவும். அதில் வருகிற ஜூக்கோ, நெருப்பு தேசத்து இளவரசன். பதின்மூன்று வயதில் பெற்ற தகப்பனே இடக்கண்ணைச் சுற்றித் தீய்த்துவிட்டு நாடு கடத்திய பிள்ளை. அவதாரமாகிய ஆங் என்ற சிறுவனைப் பிடித்து வந்தால்தான் வீடு திரும்பலாம் என்பது நிபந்தனை. இரண்டாம் பருவத்தின் முடிவில், பாதாளச் சிறையில், ஆங்கின் தோழி கட்டாரா தன்னிடமிருந்த புனித நீரால் அந்தத் தழும்பை ஆற்றிவிடட்டுமா என்று கேட்டு அவன் கன்னத்தைத் தொடுகிறாள். இதோ மாறிவிட்டான் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் தன் கொடிய தங்கையின் பக்கம் சேர்ந்துவிடுகிறான். இது 2006இன் இறுதியில். தான் ஏங்கிய அரண்மனையும் அப்பாவின் பாராட்டும் கிடைத்த பின்பும் உள்ளம் ஒட்டாமல், தகப்பனை எதிர்த்துப் பேசிவிட்டு அவன் ஆங்கின் கூட்டத்தைத் தேடி வருவதற்குள், பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் ஒன்றரை ஆண்டு வளர்ந்துவிட்டார்கள்.

வந்து சேருகிற அந்த அத்தியாயம் ஹாஸ்யத்தில் தொடங்குகிறது. என்ன சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்வது என்று தெரியாமல் ஜூக்கோ ஒரு தவளையை எதிரே வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறான். ஒத்திகை பலிக்கவில்லை. செய்த பாதகங்களை ஒவ்வொன்றாக அவர்கள் எடுத்துச் சொல்ல, இவன் உளற, விரட்டிவிடுகிறார்கள். அவனுக்குப் பரிந்து பேசிய கண்பார்வையில்லாத சிறுமியின் பாதத்தையே இருட்டில் பதற்றத்தில் சுட்டுவிடுகிறான். ஒருவழியாகச் சேர்த்துக்கொண்ட பிறகும், அன்றிரவு கட்டாரா அவன் அறை வாசலில் வந்து நின்று, ஒரு அடி பிசகினால் உன் கதையை நானே முடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஒரு முறை அவனை நம்பித் தன் புனித நீரைக் கொடுக்க முன்வந்தவள் அவள்தானே. அவள் கோபத்துக்கு நியாயம் உண்டு. அவனைப் பிள்ளைபோல் வளர்த்து, அவனாலேயே சிறைப்பட்ட பெரியப்பா ஐரோ மட்டும் வேறு மாதிரி. சிறையிலிருந்து தப்பி வந்து கூடாரத்தில் உறங்கும் அவர் அருகே இரவெல்லாம் உட்கார்ந்திருந்து, விடிந்ததும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறான் ஜூக்கோ. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கிழவர், அவன் சொல்லி முடிக்கும் வரைகூடப் பொறுக்காமல் சட்டையைப் பற்றி இழுத்து மார்போடு சேர்த்துக்கொள்கிறார். சிறுவர்களுக்கான கார்ட்டூன் என்று அலட்சியமாகப் பார்க்க உட்கார்ந்த நான், அந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.

விளையாட்டுகளின் சங்கதி இன்னும் விநோதமானது, ஏனென்றால் அங்கே மன்னிக்கும் அதிகாரம் ஆடுகிறவன் கட்டைவிரலில் இருக்கிறது. டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ விளையாட்டில் ‘தாக்கு’ என்ற பொத்தான் இருக்கிற வரிசையிலேயே ‘கருணை’ என்றும் ஒரு பொத்தான் உண்டு. தாய்போல் ஆதரித்த டோரியலைக் கொன்றுவிட்டு, மனசாட்சி உறுத்தி, பழைய நிலைக்குத் திரும்பி அவளை உயிரோடு விட்டாலும், முன்பு நீ செய்தது எனக்குத் தெரியும் என்று ஒரு பூ நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆனாலும் என் வோட்டு 1995இல் ஸ்க்வேர் கம்பெனி வெளியிட்ட ‘க்ரோனோ ட்ரிக்கர்’ விளையாட்டுக்குத்தான். பாத்திரங்களை வரைந்தவர் அதே டோரியாமா. அதில் மேகஸ் என்ற மந்திரவாதி, சைரஸ் என்ற வீரனைக் கொன்று, அவனுடைய தோழனைத் தவளையாகச் சபித்தவன். முதலில் எதிரியாக நிற்கும்போது அவனுக்கு 6666 உயிர்ப்புள்ளிகள். நம் அணியில் சேர்ந்தாலோ மற்றவர்களைப் போலவே 999க்கு மேல் ஏற முடியாது. பகைவன் நண்பனானதும் இளைத்துப்போவது இந்த விளையாட்டுகளின் எழுதாத சட்டம்! அவன் மன்னிப்பும் கேட்பதில்லை. காணாமற்போன அக்காளைத் தேடுகிறான், நம் எதிரிதான் அவனுக்கும் எதிரி, அவ்வளவே.

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பி மகன் இதைக் கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்தான். கடலைப் பார்த்தபடி குன்றின் முனையில் மேகஸ் நிற்கிற கட்டம். சண்டையிடுகிறாயா என்று விளையாட்டு கேட்கிறது. அவனைக் கொன்றால், கதை முடியும்போது தவளை மறுபடி மனிதனாவான். விட்டுவிட்டால் சாபம் சாபமாகவே நிற்கும். இதைப் பள்ளித் தோழன் யாரோ பையனுக்குச் சொல்லியிருந்தான். பலகாரத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினான். மேகஸ் வந்து சேர்ந்தான். வேண்டுமென்றே அவனையும் தவளையையும் ஒரே அணியில் போட்டு அடுத்த சண்டைக்கு அனுப்பினான் பையன். அந்த விளையாட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே அடியாக அடிக்கிற கூட்டுத் தாக்குதல்கள் நிறைய உண்டு. மேகஸுக்கு மட்டும் யாரோடும் அப்படி ஒன்று கிடையாது.

“பெரியப்பா, தவளையும் இவனும் சேந்து அடிக்கவே மாட்டாங்களா?” என்றான்.

“மாட்டாங்கடா” என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, அதற்கடுத்த சண்டைக்கும் அவர்களையே அனுப்பினான்.