கியர் விழ மறுக்கிறதா? பெட்டியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்!

பழைய லாரி வைத்திருப்போருக்குச் சில யோசனைகள்

காஞ்சீபுரத்துக்கு அருகே உள்ள கூரம் பழம்பெருமை வாய்ந்த ஊர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு அந்த ஊரின் பெயரால்தான் வழங்குகிறது. ராமாநுஜரின் பிரதம சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் அதுவே. ஆழ்வான் பெருஞ்செல்வர். இரவில் அன்னதானம் முடிந்து அவருடைய மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை, காஞ்சி வரதராஜர் சன்னிதி வரை கேட்டதாம். "அது என்ன சத்தம்?" என்று தாயாரே விசாரித்தாராம். வைணவப் பெரியோர் சொல்லும் கதை இது.

அந்தக் கதவோசை இன்று இல்லை. ஆனால் ஊரைக் கூட்டும் வேறோர் ஓசையை எந்தச் சாலையிலும் கேட்கலாம். சுமை ஏற்றிய பழைய லாரி ஒன்று கூரத்திலிருந்து காஞ்சீபுரம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் கிளச்சை மிதித்துக் கியர் கம்பியைத் தள்ளுகிறார். "கர்ர்ர்!" கியர் விழவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுகிறார். மறுபடியும் "கர்ர்ர்!" கிளீனர் முகத்தைச் சுளிக்கிறார்.

"கியர் பாக்ஸ் போச்சு!" என்று சொல்லிவிடுவது சுலபம். பெட்டியை இறக்கிப் பிரிப்பது சுலபமல்ல. வண்டி பல நாள் நின்றுவிடும். ஒரே லாரியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு வாடகை வருமானம் போகும். கடன் தவணை மட்டும் நிற்காது. இத்தனை செலவும் செய்த பிறகு, கோளாறு பெட்டிக்குள் இல்லை, வெளியே ஒரு சின்ன ரப்பர் வாஷரில் இருந்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

ஆகவே, "அது என்ன சத்தம்?" என்று நாமும் முதலில் விசாரிப்பது நல்லது.

மிதியும் நாடாவும்

கியர் ஏன் விழ மறுக்கிறது? காஞ்சீபுரத்து நெசவாளியைக் கேட்டால் விளங்கும். மிதியை மிதித்ததும் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து, நாடா ஓட வழிவிட வேண்டும். வழி சரியாகத் திறக்கு முன் நாடாவை எறிந்தால் அது இழைகளில் முட்டும், பட்டிழை அறும். குற்றம் நாடாவுடையது அல்ல.

லாரியின் கிளச்சும் அந்த மிதியைப் போன்றதே. அதை மிதித்தால் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறவே விடுபட வேண்டும். அரைகுறையாக விடுபட்டால் பெட்டியின் ஒரு பகுதியை என்ஜின் சுழற்றிக்கொண்டே இருக்கும். மற்றொரு பகுதியைச் சக்கரங்கள் வேறு வேகத்தில் சுழற்றும். வெவ்வேறு வேகத்தில் ஓடும் பற்களை ஒன்றோடொன்று கோக்க முயன்றால் மோதாமல் என்ன செய்யும்?

இந்தத் தொல்லை மோட்டார் வண்டி பிறந்த நாளிலிருந்தே உண்டு. பற்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் பெட்டியை 1890-களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு எமில் லெவாசர் தம் வண்டிகளில் கையாண்டார். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 'சின்க்ரோமெஷ்' என்ற ஏற்பாடு வந்தது. ஏர்ல் தாம்சன் என்பவர் கண்டுபிடித்தது அது. பற்கள் கோத்துக்கொள்ளு முன் ஒரு கூம்பு உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். வேகம் சமமானால் சத்தம் ஏது?

நம் நாட்டில் 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கூட்டுறவோடு 1954 முதல் லாரிகள் செய்தது. அந்தத் தலைமுறை லாரிகள் பலவற்றில் எல்லாக் கியருக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. பிற்கால லாரிகளிலும் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் அது இல்லாதது உண்டு. அத்தகைய கியர் முரண்டு பிடித்தால் அது நோயல்ல, சுபாவம். அதற்கு வேண்டியது ரிப்பேர் அல்ல, பழக்கம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஐந்து நிமிஷச் சோதனை

லாரியைச் சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். என்ஜினை அணைத்துவிடுங்கள். இப்போது கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள்.

என்ஜின் ஓடாதபோதே கம்பி நகர மறுத்தால், கோளாறு கம்பியிலும் அதன் இணைப்புகளிலும் அல்லது பெட்டியின் மேல்மூடிக்குள் உள்ள போர்க்குகளிலும் இருக்கக்கூடும்.

என்ஜின் நின்றிருக்கும்போது கியர் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் எல்லாக் கியரும் முரண்டினால், சந்தேகப்பட வேண்டியது கிளச்சை.

ஒரே ஒரு கியர் மட்டும் அடம்பிடித்தால், அந்தக் கியருக்குரிய சின்க்ரோ வளையமோ போர்க்கோ தேய்ந்திருக்கலாம். பெட்டியைப் பிரிக்க நியாயமான காரணம் இதுதான்.

காலையில் மட்டும் கடினம், பத்து மைல் ஓடியபின் சரியாகிவிடுகிறது என்றால், எண்ணெயைப் பாருங்கள்.

கிளச்சின் குறும்புகள்

இன்னொரு சோதனையும் உண்டு. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, நியூட்ரலில் கிளச்சை முழுவதும் மிதியுங்கள். நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் "கர்ர்ர்" என்றால் கிளச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள்.

ஏன் விடுபடவில்லை? முதலில் பெடலைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பெடல் சற்றுத் தூரம் எதிர்ப்பின்றி இறங்கும். இதைப் 'பிளே' என்பார்கள். பிளே அதிகமானால், பெடல் தரையைத் தொட்டாலும் கிளச் முழுவதும் விடாது. பிளே அறவே இல்லாவிட்டால் கிளச் வழுக்கும், பேரிங் தேயும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். கைப்புத்தகம் சொல்வதே சரி. இதைத் திருத்த ஒரு ஸ்பானர் போதும்.

திரவத்தால் இயங்கும் கிளச்சானால், டப்பாவில் திரவம் குறைந்திருக்கிறதா, மாஸ்டர் சிலிண்டரிலோ கீழ்ச் சிலிண்டரிலோ கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டு மிதித்தால் கியர் விழுகிறதா? அப்படியானால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். அல்லது சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். காற்றை எடுத்து வாஷரை மாற்றினால் தீர்ந்தது. பெட்டியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை!

மழைக்காலத்தில் பல வாரம் நின்ற லாரியில் கிளச் தட்டு துருவேறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. தட்டு வளைந்து போனாலும், என்ஜின் சக்கரத்தின் நடுவிலுள்ள சிறு பேரிங் இறுகிப் போனாலும் இதே தொல்லைதான். இவற்றுக்குப் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிக்க வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் பணப்பையில் தெரியும்.

எண்ணெய் சொல்லும் சேதி

பெட்டியின் பக்கத்தில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். பின் ஆக்ஸிலுக்கு ஊற்றும் எண்ணெய் மிச்சமிருக்கிறதே என்று கியர் பெட்டியிலும் ஊற்றிவிடக் கூடாது. அதிலுள்ள கந்தகச் சேர்க்கை சில பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரித்துவிடும். ஜி.எல். 4 என்று கைப்புத்தகம் சொன்னால் ஜி.எல். 5 வேண்டாம். தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய், குளிர்ந்த காலையில் வளையங்களை வேலை செய்ய விடாது.

பழைய எண்ணெயைக் கொட்டுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் மினுமினுக்கும் பொடி அதிகம் தென்பட்டால் பித்தளை வளையம் தேய்கிறது. இரும்புத் துண்டுகள் வந்தால் பல் உடைகிறது. அப்போது தயங்காமல் பெட்டியைப் பிரியுங்கள்!

கம்பியின் இணைப்புகளையும் மறக்க வேண்டாம். புஷ் தேய்ந்தாலும், போல்ட் தளர்ந்தாலும், கிரீஸ் வறண்டாலும் கை போகிற இடத்துக்குக் கியர் போகாது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் அமுங்கிவிட்டாலும் அப்படித்தான்.

இரண்டு மிதி

இனி, பழக்கத்துக்கு வருவோம். சின்க்ரோமெஷ் இல்லாத லாரிகளை ஓட்டிய பழைய டிரைவர்கள் ஒரு கியருக்கு இரண்டு தடவை கிளச் மிதிப்பார்கள்.

மேல் கியருக்குப் போகும்போது: கிளச்சை மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு, என்ஜின் வேகம் தணியக் கொஞ்சம் பொறுத்தல், மறுபடி மிதித்து அடுத்த கியர்.

கீழ்க் கியருக்கு வரும்போது: மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கியர்.

அந்த ஒரு தட்டில்தான் சூட்சுமம். உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் வேகம் உயர்ந்து, சக்கரங்கள் சுழற்றும் பகுதியின் வேகத்தோடு பொருந்துகிறது. சின்க்ரோ தேய்ந்த லாரியையும் இந்த முறையால் சத்தமில்லாமல் ஓட்டிக் கொண்டுவந்து சேர்க்கலாம்.

கியர் கம்பியின்மேல் எப்போதும் கையை ஊன்றிக்கொண்டு ஓட்டுவது போர்க்கைத் தேய்க்கும். கிளச் பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது பேரிங்கைத் தின்னும். இரண்டையும் விடுவதற்குக் காசு செலவில்லை.

இறக்கத்தில் உயிர்

இதுவரை சொன்னது பணம் பற்றியது. இனிச் சொல்வது உயிர் பற்றியது.

காஞ்சீபுரத்திலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் லாரி, தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். லாரி விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. அத்தகைய இறக்கத்தில் சுமை லாரியைத் தடுத்து நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல. கீழ்க் கியரில் இருக்கும் என்ஜினும் சேர்ந்துதான் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறையும். அப்போது அவசரமாகக் கியர் போட நினைத்தால், வேகம் எடுத்துவிட்ட வண்டியில் கியர் விழாது. ஏற்கெனவே முரண்டும் பெட்டியானால் கேட்கவே வேண்டாம். கியரை இறக்கத்தின் உச்சியில், வண்டி மெதுவாகப் போகும்போதே குறைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலாவது இறங்கு என்பது டிரைவர்களின் பழைய பாடம்.

ஆகவே முரண்டும் கியரை, "இன்னும் ஒரு லோடு அடித்துவிட்டுப் பார்ப்போம்" என்று தள்ளிப் போடாதீர்கள். ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது, "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் நாலு விவரம் சொல்லுங்கள். எல்லாக் கியருமா, ஒரே கியரா? என்ஜின் ஓடும்போதா, நின்றிருக்கும்போதுமா? காலையிலா, சூடான பின்னா? பெடலை விட்டுவிட்டு மிதித்தால் சரியாகிறதா? நோயாளி நோவைச் சரியாகச் சொன்னால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்தது. மெக்கானிக்குக்கும் அப்படியே.

கையின் பலத்தைக் காட்டிக் கியரை ஜெயித்தவர் யாரும் இல்லை. இரும்புக் கம்பியைத் தள்ளத் தள்ளத் தேய்வது உள்ளே இருக்கும் பல்தான்.