மோட்டார் வண்டியின் ஆண்டுச் சோதனை

மனிதனுக்கு நோய் வருமிடத்து வலியோ காய்ச்சலோ முன்னதாக வந்து எச்சரிக்கின்றது. மோட்டார் வண்டிக்கு அத்தகைய வாய் கிடையாது. அதன் பிறேக்கு நாளுக்கு நாள் தேய்ந்து வருவதும், ரயரின் பள்ளங்கள் மறைந்து வருவதும் எளிதிற் புலப்படுவதில்லை. நாள்தோறும் வண்டியைச் செலுத்துபவரே அவ்வேறுபாட்டை உணராதிருப்பர். ஏனெனில், தேய்வு சிறிது சிறிதாக நிகழ, காலும் கையும் அதற்குத் தம்மைப் பழக்கிக்கொள்கின்றன. குழந்தையொன்று பந்தைத் துரத்திக்கொண்டு வீதியிற் பாயும் ஒரு கணத்திலேதான் உண்மை வெளிப்படுகின்றது. அப்போது அறிந்து என்ன பயன்?

ஆதலினாலே, வண்டி பேசாதவற்றை ஆண்டுக்கொரு முறையேனும் பிறரொருவர் ஆராய்ந்து கூறவேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளிலே சட்டமாயிற்று. இதற்குப் பிரித்தானியாவின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அங்கே 1956ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் இச்சோதனைக்கு வழிவகுத்தது. ஏணெஸ்ட் மாப்பிள்ஸ் என்பவர் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சோதனை தொடங்கியது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளே முதலிற் சோதிக்கப்பட்டன. பிறேக்கு, விளக்கு, சுக்கான் என்னும் மூன்றுமே ஆராயப்பட்டன. ஆனால், தேறாத வண்டிகளின் தொகை எதிர்பார்த்ததிலும் மிகுதியாயிருந்தது. எனவே, 1961ஆம் ஆண்டின் இறுதியில் பத்தாண்டு என்பது ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1967இல் அது மூன்றாண்டாயிற்று. போக்குவரத்து அமைச்சு 1970இல் வேறோர் அமைச்சுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. ஆயினும், அதன் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு ‘எம். ஓ. ரி.’ என்றே மக்கள் இச்சோதனையை இன்றும் அழைக்கின்றனர். முதற் சோதனையை நான்காண்டுக்குத் தள்ளலாமா என்று அண்மையில் ஆராய்ந்த அரசு, 2024ஆம் ஆண்டு சனவரியில் மூன்றாண்டு முறையே நிலைபெறுமென அறிவித்தது. வட அயர்லாந்தில் மட்டும் தனியார் கார்களுக்கு நான்காண்டு முறை உண்டு.

சோதனை நடைபெறும் முறையையும் சிறிது நோக்குவோம். வண்டியின் சில்லுகள் சுழலும் உருளைகளின்மேல் நிறுத்தப்படுகின்றன. பிறேக்கை அழுத்தும்போது, ஒவ்வொரு சில்லும் எவ்வளவு விசையோடு உருளையைத் தடுக்கின்றதெனக் கருவி காட்டும். அவ்விசைகளின் கூட்டுத்தொகை வண்டியின் பாரத்தில் நூற்றுக்கு 50 வீதமேனும் இருத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டு செப்டெம்பருக்குப் பின் வீதிக்கு வந்த கார்களுக்கு இது 58 வீதம். கைப்பிறேக்குக்கு 16 வீதம் போதுமானது. ரயரின் பள்ளம், அதன் அகலத்தின் நடுப்பகுதியில் முக்காற் பங்கிலும், சுற்றளவு முழுவதிலும், 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. மழைநீரை ஒதுக்கி றப்பரை வீதியோடு பொருந்தச் செய்வது அப்பள்ளமேயாகும். பள்ளம் மறைந்த ரயர் நனைந்த வீதியில் நீரின்மேல் மிதக்கும். அவ்வேளை சுக்கான் ஓட்டுபவரின் சொற்கேளாது. இவையன்றி, துருப்பிடித்த சட்டகம், இருக்கைப் பட்டி, கண்ணாடி துடைப்பான், வெளியேறும் புகை என்பனவும் ஆராயப்படுகின்றன.

2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் குறைகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. சிறு குறையுள்ள வண்டி தேறும். ஆயினும் விரைவிற் செப்பனிடுதல் வேண்டும். பெருங் குறையுள்ளது தேறாது. ஆபத்தான குறையுள்ள வண்டியோ செப்பனிடும்வரை வீதியிற் செலுத்தப்படலாகாது.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. சோதனை வேறு, பராமரிப்பு வேறு. சோதனை என்பது பரீட்சை போன்றது. பராமரிப்பு என்பது நாளாந்தப் படிப்பைப் போன்றது. பரீட்சையிலே தேறிய மாணவன் மறுநாளே புத்தகத்தை எறிந்துவிட்டால் அவன் கல்வி எத்தனை நாளைக்கு நிற்கும்? சான்றிதழ் கூறுவது இவ்வளவே: சோதித்த அன்று வண்டி சட்டம் வேண்டும் குறைந்த அளவினின்றும் தாழ்ந்திருக்கவில்லை. மறுதிங்கள் அது எந்நிலையிலிருக்குமெனச் சான்றிதழ் சொல்வதில்லை. மேலும், இயந்திரம், கிளச்சு, கியர்ப் பெட்டி ஆகியவற்றின் நிலையை எம். ஓ. ரி. சோதனை ஆராய்வதேயில்லை. இயந்திர எண்ணெயை மாற்றுதலும், வடிகட்டிகளைப் புதுப்பித்தலும் பராமரிப்பின்பாற்பட்டவை.

பிறேக்கு எண்ணெய் இதற்குத் தக்க சான்று. அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏற ஏற, அது கொதிக்கும் வெப்பநிலை தாழ்ந்துகொண்டே வரும். சமதரையில் இக்குறை தெரியாது. நீண்ட மலைச்சரிவில் பிறேக்கை இடையறாது அழுத்தி இறங்கும்போதோ, சூடேறிய எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகளாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும். ஆவியோ அழுத்தத்தில் அமுங்கிவிடும். மிதிகட்டை அடிவரை செல்லும், வண்டி நில்லாது. ஆகவேதான், ஏறத்தாழ ஈராண்டுக்கொரு முறை இவ்வெண்ணெயை மாற்றும்படி உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். கடுகண்ணாவைச் சரிவிலும் நுவரெலியா வீதியிலும் வண்டி செலுத்துவோர் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று. சரிவிலே தாழ்ந்த கியரில் இறங்குதலும் பிறேக்கின் சுமையைக் குறைக்கும்.

இலங்கையில் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைச் சோதனைச் சான்றிதழும் வேண்டும். புகைச் சோதனை 2008ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் தேவை. புகைச் சோதனை காற்றின் தூய்மையைக் காப்பது, மிக்க பயனுடையது. ஆயினும், அது பிறேக்கின் வலிமையை அளப்பதன்று. ஆகையால், புகைச் சான்றிதழைக் கையிற்கொண்டு, ‘வண்டி முற்றும் நலமே’ என எண்ணியிருத்தல் தவறாகும். சொந்தக் காரும் வானும் வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் மாதத்தையே நினைவுநாளாகக் கொண்டு, பிறேக்கு, ரயர், சுக்கான், விளக்கு ஆகிய நான்கையும் தேர்ந்த தொழிலாளரொருவரிடம் காட்டுதல் சிறந்த வழக்கமாகும்.

சட்டம் கேட்பதற்காகச் செய்யும் சோதனையிலும், மனச்சாட்சி கேட்பதற்காகச் செய்யும் சோதனை மேலானது. செலவைக் கருதி ஒத்திவைப்போர், வண்டியினுள்ளே அமர்ந்திருக்கும் தம் மக்களையும், வீதியோரமாகப் பாடசாலைக்கு நடந்து செல்லும் பிறர் மக்களையும் ஒருகணம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வருமுன் காப்பதற்குரிய செலவு சிறிது. வந்தபின் ஈடுசெய்யப் போதிய செல்வம் எவரிடத்துமில்லை.