இஃபுகுபே அமைத்த கர்ஜனை

1954ஆம் வருஷம் நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த ‘கோஜிரா’ திரைப்படத்தில், ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் அமைதி கலைந்து கடலடியிலிருந்து எழுந்து தோக்கியோ நகரைத் துவம்சம் செய்யும் ராட்சஸப் பிராணிக்கு எந்தக் குரலைக் கொடுப்பது என்ற பிரச்சினை எழுந்தபோது, மிருகங்களின் சப்தங்களில் எதுவுமே பொருந்திவராமற் போக, அதற்கு வழி கண்டவர் அப்படத்தின் சங்கீத கர்த்தாவான அகிரா இஃபுகுபே.

பிடில் இனத்தில் மிகப் பெரியதாகிய டபிள் பாஸ் வாத்தியத்தின் தடித்த தந்தியைத் தளர்த்தி, மரப்பிசின் பூசிய தோலுறை அணிந்த கையால் அதை அழுத்தி இழுத்தார்கள். பிசின் தந்தியைக் கவ்வுவதும், இழுவிசை மிஞ்சியதும் நழுவவிடுவதும் கணத்துக்குப் பலமுறை மாறி மாறி நிகழ்வதால் கரகரத்த அலறல் ஒன்று பிறக்கிறது; அதை நாடாவில் பதிந்து வேகத்தைக் குறைத்து ஓட்டினால் சுருதி தாழ்ந்து, பாதி வேகத்தில் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, பிரம்மாண்டமான ஒரு ஜந்துவின் குரலாகிவிடுகிறது.

1914இல் ஹொக்கைடோ தீவின் குஷிரோவில் பிறந்த இஃபுகுபே, பால்யத்தில் ஐனு ஆதிக்குடிகளின் பாட்டைக் கேட்டு வளர்ந்து, சங்கீதத்தைக் குருமுகமாக அன்றித் தாமே பயின்று, ஸப்போரோவில் வனவியல் படித்தவர். 1935இல், ருஷ்ய இசைமேதை அலெக்சாண்டர் செரெப்னின் ஏற்படுத்திய போட்டியில் முதற்பரிசு பெற்ற பின்னும் காட்டிலாகா உத்தியோகமே பார்த்தார். யுத்த காலத்தில் மரத்தின் அதிர்வை ஆராய்கையில், போதிய பாதுகாப்பின்றி எக்ஸ் கதிர்களுக்கு ஆட்பட்டு அவர் தேகம் குன்றியது. கதிர்வீச்சின் கொடுமையைச் சொல்லும் கதைக்கு இசையமைக்க, அதைத் தம் உடம்பிலேயே அனுபவித்த ஒருவர் வாய்த்ததை நான் பெரிதாகவே கருதுகிறேன்.

யுத்தத்துக்குப் பின் தோக்கியோவில் ஆசிரியராகி, 1947இல் திரைத்துறையில் புகுந்து, ‘பர்மிய யாழ்’ உள்ளிட்ட 250க்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். ‘கோஜிரா’வின் முகப்பிசையில் மூன்று ஸ்வரங்கள் இறங்கும் சிறு ஸ்வரக்கோவை ஒன்று, நான்கும் ஐந்துமாக மாறிவரும் தாளத்தில், ஓயாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது; அலங்காரங்களை ஒதுக்கி ஒரே கோவையை விடாது பற்றி நிற்கும் அத்திறம், ஐனு மக்களின் பாட்டிலிருந்து அவர் உள்ளத்தில் ஊறியதென்றே எனக்குத் தோன்றுகிறது. 2006இல் காலமாகும் முன், தோக்கியோ சங்கீதக் கல்லூரியின் தலைவராக இருந்து, வாத்தியங்களை இணைத்தமைக்கும் கலையைப் பற்றி விரிவான நூலொன்றையும் மாணவர்களுக்கு அளித்துச் சென்றார்.