கம்ப்யூட்டரும் ஒரு க்ரைம் சீன்தான்!

துப்பறியும் படங்களில் கொலை நடந்த வீட்டைச் சுற்றி நாடா கட்டி, யாரையும் உள்ளே விடாமல் போலீசார் நிற்பார்களே, அந்த இடத்தைத்தான் க்ரைம் சீன் என்கிறார்கள். குற்றம் நடந்த இடம் என்பது நேரடிப் பொருள். ஆனால் குற்றவாளி தப்பிச் சென்ற கார், ஆயுதத்தை வீசிய கிணறு என, தடயம் கிடைக்கக்கூடிய எல்லா இடமும் இதில் அடங்கும். இன்று கம்ப்யூட்டரும் மொபைல் போனும் கூட இந்தப் பட்டியலில் உண்டு.

அமெரிக்காவின் விசிட்டா நகரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவன் டென்னிஸ் ரேடர். பல ஆண்டுகள் சிக்காமல் இருந்த அவன், 2005 பிப்ரவரியில் ஒரு டிவி நிலையத்திற்கு பிளாப்பி டிஸ்க் அனுப்பினான். அதில் டெலிட் செய்யப்பட்ட ஒரு வேர்ட் பைலைப் போலீசார் மீட்டனர். பைலுக்குள் பதிவாகியிருந்த விவரங்களில் ஒரு சர்ச்சின் பெயரும், 'டென்னிஸ்' என்ற பெயரும் இருந்தன. அதே மாதம் அவன் கைதானான்.

டெலிட் செய்த பைல் எப்படிக் கிடைத்தது? பிளாப்பியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் பைலை டெலிட் செய்தால், அது இருந்த இடம் காலி என்று மட்டுமே குறிக்கப்படுகிறது. அங்கே புதிய டேட்டா எழுதப்படும் வரை பழையது அப்படியே இருக்கும்.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? யாரோ உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து பேங்க் பணத்தை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பயத்தில் பலரும் முதலில் செய்வது பார்மட் செய்து, விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்வதுதான். திருடன் வந்து போன வீட்டை நாமே கழுவித் துடைப்பது போன்றது இது!

அப்படி நடந்தால் இன்டர்நெட் இணைப்பை உடனே துண்டியுங்கள். கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருந்தால் ஆப் செய்ய வேண்டாம். ராம் மெமரியில் உள்ள தடயங்கள் அழிந்துவிடும். ஆப் ஆகியிருந்தால் ஆன் செய்ய வேண்டாம். எதையும் டெலிட் செய்யாதீர்கள். வந்த மெயில், எஸ்எம்எஸ், பணம் போன தேதி, நேரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தாமதிக்காமல் வேறு போனிலிருந்து உங்கள் பேங்கிற்கும், 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கும் தகவல் கொடுங்கள்.

பார்மட் செய்வதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அழிந்த தடயத்தை மீட்பது கடினம்.