பாஞ்சோ வாத்தியார் பீட் சீகர்

அமெரிக்க நாட்டுப்புற இசைக் கலைஞர் பீட் சீகர் 1919 மே 3 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை சார்ல்ஸ் இசை ஆய்வாளர். தாய் கான்ஸ்டன்ஸ் வயலின் கலைஞர். செவ்வியல் இசை நிறைந்த வீடு. ஆனாலும் 1936இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த நாட்டுப்புற விழாவில் கேட்ட ஐந்து தந்தி பாஞ்சோதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் சுரைக்குடுக்கை வாத்தியங்களில் வேர்கொண்ட கருவி அது. ஹார்வர்டு படிப்பை 1938இல் பாதியில் விட்ட சீகர், பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டும், வாசிப்பவர்களின் விரல்களைப் பார்த்தும் கற்றுக்கொண்டார்.

அந்தச் சிரமம் அடுத்தவருக்கு வேண்டாம் என்றே 1948இல் ஐந்து தந்தி பாஞ்சோவுக்கு ஒரு பாடநூல் எழுதி, சைக்ளோஸ்டைல் பிரதிகளாக வெளியிட்டார். அவர் கற்றுத்தந்த அடிப்படை வாசிப்பு எளிமையானது. சுட்டுவிரல் ஒரு தந்தியை மேல்நோக்கிச் சுண்டும். பிறகு விரல் தந்திகளைக் கீழ்நோக்கி வருடும். உடனே கட்டைவிரல் குட்டையான ஐந்தாம் தந்தியை மீட்டும். தம்புராவைப் போல அந்தத் தந்தி சுருதியை விடாமல் தாங்கும். தம் குரலுக்கு ஏற்பக் கீழ்ச்சுருதியில் வாசிக்க, கருவியின் கழுத்தை நீட்டி மூன்று மெட்டுகளைக் கூட்டிக்கொண்டார். அந்த நீண்ட கழுத்து பாஞ்சோவைப் பின்னர் வேகா நிறுவனம் தயாரித்து விற்றது.

1950இல் அவருடைய வீவர்ஸ் குழு நாடெங்கும் புகழ்பெற்றது. கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அலையில் வாய்ப்புகள் பறிபோக, 1952இல் குழு கலைந்தது. 1955இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தம் அரசியல் தொடர்புகள் பற்றிப் பதில் சொல்ல மறுத்தார். 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மறு ஆண்டு மேல்முறையீட்டில் ரத்தானது.

பெரிய மேடைகளும் தொலைக்காட்சியும் கதவடைத்த அந்த ஆண்டுகளில்தான் ஆசிரியர் சீகர் முழுமையாக வெளிப்பட்டார். பள்ளிகள், கோடை முகாம்கள், கல்லூரிகள் என்று சுற்றிப் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் பாடிக் காட்டினார், கூடவே பாடவைத்தார். அவரை ஒடுக்க நினைத்தவர்களால் இதைத் தடுக்க முடியவில்லை. கிங்ஸ்டன் ட்ரையோ குழுவின் டேவ் கார்டு பாஞ்சோ கற்றது அவருடைய நூலிலிருந்துதான். 1960களின் நாட்டுப்புற இசை எழுச்சியில் ஐந்து தந்தி பாஞ்சோ இளைஞர் கைகளுக்குத் திரும்பியதில் சீகரின் பங்குக்கு இணையில்லை.

2014 ஜனவரி 27 அன்று, 94ஆம் வயதில் அவர் காலமானார். பாஞ்சோ பழக விரும்புபவர்கள் இன்றும் அந்தப் பாடநூலிலிருந்தே தொடங்கலாம்.