இட்டேரியும் சைக்கிளும்

கிராமத்தின் வாழ்வு அதன் பாதைகளைப் பொறுத்தது. விளைந்த பொருள் சந்தைக்குச் செல்வதும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், கறந்த பால் கெடுமுன் சங்கத்தைச் சேர்வதும் பாதை செம்மையாக இருந்தால்தான் நடைபெறும். இதைக் கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், பாதை என்றவுடன் தார்ச்சாலை ஒன்றையே மனத்திற் கொண்டு, தலைமுறை தலைமுறையாக நமக்கு உதவி வந்துள்ள மண் பாதைகளையும் சரளைப் பாதைகளையும் கவனியாது விட்டுவிடுகிறோம். அப்பாதைகளைப் பற்றியும், அவற்றிற்கு மிகவும் ஏற்ற வாகனமாகிய சைக்கிளைப் பற்றியும் சில விவரங்களை இங்குக் கூற விரும்புகிறோம்.

இட்டேரியின் பயன்

இரு புறமும் உயிர்வேலி நிற்க, நடுவே வண்டியும் கால்நடையும் செல்லும் பாதையை நம் பக்கத்தில் இட்டேரி என்கிறோம். காங்கயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளின் கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவை வேலி அமைப்பது நெடுங்கால வழக்கம். அக்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்து, காங்கயம் மாடுகளுக்கு மேய்ச்சல் தருகின்றன. இரண்டு காடுகளின் வேலிகளுக்கு இடைப்பட்ட வழியே இட்டேரி.

இவ்வேலி வெறும் அடைப்பு அன்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றின் வேகத்தை அது தணிக்கிறது. வேர்களால் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. அதில் படரும் பிரண்டையும் கோவையும் வீட்டிற்குப் பயன்படுகின்றன. கௌதாரியும் கீரியும் ஓணானும் அதில் தங்குகின்றன. புழு பூச்சிகளைத் தின்னும் பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. ஆகவே, வேலியை அழிப்பவர் பாதையை மட்டுமன்றித் தம் பயிரின் காவலரையும் இழக்கிறார்.

கொங்கு நாடு பழங்காலம் தொட்டே வழிகளின் நாடு ஆகும். கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டு உள்ளது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் செய்யப்பட்ட மணிகள் இத்தகைய வழிகளின் மூலமே பிற நாடுகளைச் சென்றடைந்தன.

பிற நாட்டார் செய்தது

இத்தாலி நாட்டின் தஸ்கனிப் பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே செல்லும் வெண்சரளைப் பாதைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகத் தாரிடப்பட்டு மறைவதைக் கண்டு, அவற்றைக் காக்கும் நோக்குடன் 1997-இல் காயோலே என்னும் சிற்றூரில் பழைய சைக்கிள்களில் செல்லும் ஒரு பயணம் தொடங்கப்பட்டது. இன்று அப்பாதைகளைக் காணவே வெளிநாட்டார் வருகின்றனர். அங்குள்ள விவசாயிகள் தம் விளைபொருளை வாசலிலேயே விற்கின்றனர். சரளைப் பாதைச் சைக்கிள் ஓட்டம் உலகெங்கும் பரவி, 2022-இல் அதற்கென உலகப் போட்டியும் முதன்முறையாக இத்தாலியில் நடைபெற்றது.

இப்போட்டிகளுக்கான சைக்கிள்களின் டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. நம் பால்காரர்கள் காலங்காலமாக ஓட்டி வந்த 28 அங்குலச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். பெரும் பொருள் செலவிட்டு மேனாட்டார் தேடும் பொருள் நம் வீட்டுத் திண்ணையருகே சாய்ந்து நிற்கிறது! அகன்ற டயரும், சற்றுக் குறைந்த காற்றும் சரளையின் அதிர்ச்சியைத் தாங்கும் என்பதே இதன் தத்துவம்.

சைக்கிள் ஏழைக்கு வாகனம், பெண்ணுக்கு விடுதலை. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றதை நாடறியும். நம் மாநில அரசு மாணவ மாணவியருக்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கியதும் இக்கருத்திலேயே. ஆனால், சைக்கிள் கிடைத்தும் செல்லும் பாதை முட்புதராகவும் சேறாகவும் இருந்தால் அச்சைக்கிளால் பயன் என்ன?

எதற்குத் தார், எதற்குச் சரளை?

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். மக்கள் குடியிருக்கும் எச்சிற்றூருக்கும் எல்லாப் பருவத்திலும் செல்லத்தக்க நல்ல சாலை தேவை. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் நோக்கமும் அதுவே. பேருந்தும் நோயாளர் ஊர்தியும் செல்ல வேண்டிய வழிக்குத் தாரோ கான்கிரீட்டோ இட்டே ஆகவேண்டும். எந்தக் காலனிக்கும் எந்தக் குடியிருப்புக்கும் சாலையை மறுக்க இக்கட்டுரையைக் காரணம் காட்டலாகாது.

நாம் கூறுவது தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இடையே செல்லும் பாதைகளைப் பற்றியே. நாளொன்றுக்குச் சில வண்டிகளும், கால்நடைகளும், சைக்கிள்களும் மட்டும் செல்லும் வழியை அகலப்படுத்தித் தாரிடுவதற்காக இருபுற வேலியையும் பெயர்த்தெறிவது வீண் செலவு. நன்கு பேணப்பட்ட சரளைப் பாதையே அங்குப் போதுமானது.

செய்ய வேண்டுவன

முதலாவது, ஆவணத்தைப் பார்த்தல். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, எவை வண்டிப்பாதைப் புறம்போக்கு, எவை பட்டா நிலத்தில் மாமூலாக உள்ள வழி என்று பிரித்தறிய வேண்டும். புறம்போக்குப் பாதையில் ஆக்கிரமிப்பு இருப்பின் முறைப்படி அளந்து நீக்கலாம். பட்டா நிலமாயின் உரிமையாளரின் இசைவைப் பெறுவதே நேரிய வழி. ஆண்டுக்கு ஒரு சாண் வேலியை நகர்த்துவதால் அண்ணன் தம்பிகளுக்குள் மூளும் வழக்கு, அந்த நிலத்தின் விலையையே விழுங்கிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர்.

இரண்டாவது, நீர் வடிதல். பாதையின் முதற்பகை வண்டியன்று, தேங்கும் நீரே. நடுப்பகுதி உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் வாட்டம் போதும். மூன்று மீட்டர் அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். வேலி ஓரமாகச் சிறு வடிகால் எடுத்து, தாழ்ந்த இடத்தில் பண்ணைக்குட்டைக்கோ ஓடைக்கோ நீரைத் திருப்பிவிடலாம். வடிகால் வெட்டும்போது வேலியின் வேரை அறுத்தல் கூடாது.

மூன்றாவது, சரளையின் சேர்மானம். கல், மணல், களி மூன்றும் கலந்ததே நல்ல சரளை. களி குறைந்தால் கற்கள் சிதறி, வேகமாகச் செல்லும் வண்டிகளால் பாதை அலை அலையாக மடிந்துவிடும். களி மிகுந்தால் மழையில் வழுக்கும். ஈரமான சரளையிலுள்ள மண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்கவேண்டும். கையில் பசைபோல் ஒட்டலாகாது. கரிசல் நிலத்தில் சரளையை நேரே கொட்டினால் மழைக்காலத்தில் அது மண்ணுள் புதைந்துவிடும். அங்கு முதலில் சுக்கான் கல்லோ கற்சல்லியோ பரப்பி, அதன்மேல் சரளை இட்டு, நீர் தெளித்து உருளையால் இறுக்க வேண்டும். சரளை மண்ணைக் கனிம விதிகளின்படி அனுமதி பெற்றே எடுக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, பராமரிப்பு. ஐப்பசி மழைக்கு முன்னர் ஆவணி, புரட்டாசியில் குழிகளை நிரப்பி, வடிகாலைத் தூர்வார வேண்டும். வேலியை வெட்டியெறியாது கத்தரித்துவிட வேண்டும். வெட்டிய முள்ளைப் பாதையில் விட்டால், காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குச் செல்லும் மாணவி டயர் பஞ்சராகி வழியில் நிற்க நேரும். சீமைக்கருவேலை மட்டும் வேரோடு அகற்றலாம்.

ஐந்தாவது, பாதுகாப்பு. கீழ்பவானிக் கால்வாய், 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டக் கால்வாய்கள் ஆகியவற்றின் கரைகளில் அழகிய பாதைகள் உண்டு. அவை நீர்வளத் துறையைச் சார்ந்தவை; அத்துறையின் அனுமதியின்றி ஊராட்சி அங்கு எதையும் செய்ய இயலாது. வெள்ளியங்கிரி, ஆனைமலை அடிவாரப் பாதைகளில் யானை நடமாட்டம் உள்ளமையால், அந்திக்குப் பின்னும் விடியுமுன்னும் சைக்கிளில் செல்வது ஆபத்து.

ஊராட்சியின் கடமை

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராமச் சாலைகளை அமைப்பதையும் பழுது பார்ப்பதையும் கிராம ஊராட்சியின் கடமையாக்கியுள்ளது. ஆகவே இப்பொறுப்பு நம்முடையதே. அடுத்த கிராம சபையில் ஊரின் எல்லா இட்டேரிகளையும் பட்டியலிட்டு, பள்ளிக்கும் பால் சங்கத்திற்கும் செல்லும் ஒரே ஒரு பாதையை முதலில் தேர்ந்து, ஓராண்டு முறையாகப் பேணிப் பாருங்கள். கோவையிலும் திருப்பூரிலுமிருந்து விடியற்காலையில் சைக்கிளில் வரும் நகரத்தார் உங்கள் ஊரில் இளநீரும் மோரும் வாங்கிப் பருகுவர். அது உபரி வருவாய். உங்கள் பிள்ளை சேறு படாமல் வகுப்பில் அமர்வதே உண்மையான வருவாய்.

வேலி அழிந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். முன்னோர் விட்டுச்சென்ற வழியை, அகலம் குறையாமல், நிழல் குறையாமல் பின்வருவோரிடம் ஒப்படைப்போமாக.